தூசிப் பைக்குள் போன பொறி

அல்லிநகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மரவேலைக்குப் புதியவர். நான் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, தீ விபத்துத் தடுப்பு வகுப்பு எடுத்தவன். வீட்டு மரவேலையில் அவருக்கு மூத்தவன். ஆனால், மரத்தூளை உறிஞ்சும் இயந்திரத்தை அவர்தான் முதலில் வாங்கினார்.

“அவுக வீட்ல பொட்டுத் தூசி இல்ல. இங்கன சோத்துலயும் மரத்தூளு” என்றாள் என் மனைவி.

அவருடையதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி, அவரையே அழைத்துப் போர்டிகோவில் ஓட்டிக் காட்டினேன்.

“என்னோடதும் இப்படித்தான் சார் இழுக்கும்” என்று சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடையது இரும்புத் தூளையும் இழுக்கும் என்று காட்ட, உறிஞ்சு குழாயைச் சாணை பிடிக்கும் கிரைண்டருக்கு மாற்றி உளியைத் தீட்டினேன். தீப்பொறிகள் அழகாக உள்ளே போயின. பெருமையோடு அவரைக் காபிக்கு அழைத்துப் போனேன்.

காபி முடிவதற்குள், “ஏங்க, அங்கன பொகையுது!” என்று மனைவி கத்தினாள்.

போர்டிகோவில் தூசிப் பை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பெட்ரோல் நிரப்பிய ஸ்கூட்டர். நான் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் அவர் ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டார். மின்சாரம் நின்றதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

“மரத்தூளு பைக்குள்ள பொறிய விடலாமா சார்? நீங்கதான இதுக்கு கிளாஸ் எடுத்தீக?” என்றார்.

எடுத்தேன்தான்.

இப்போது கிரைண்டர் கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கிறது. வேலை முடிந்ததும் பையைக் காலி செய்து, தூளை மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வைக்கிறேன். தீப்பிடித்த மறுநாளே அவர் சிறிய தீயணைப்பான் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு நானே வாங்கியிருப்பேன். மனைவி அதற்குள் அதைச் சுவரில் மாட்டிவிட்டாள். மாதந்தோறும் அதன் அழுத்தத்தைச் சரிபார்க்கிறேன்.