நாழிக்கு ஒன்பது அவுன்ஸ்

1. தாயை இழந்த நான்கு மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பால் கொடுக்க ஏற்பாடாயிற்று.
2. பால் வாங்கும் பிள்ளைகள் எல்லோருக்குமாக ஓர் அண்டாத் தண்ணீருக்குப் பதினெட்டு அவுன்ஸ் பால் பவுடர் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.
3. ஸ்டோர்க்காரர் அரிசி அளக்கும் நாழிப் படியால் இரண்டு நாழி அளந்து கொட்டினார்.
4. ஆறு வாரத்தில் குழந்தை கால் ராத்தல்கூட ஏறவில்லை.
5. பாலைத் தன் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறாள் என்று சொல்லி, குழந்தையின் சித்தியை இனி வரவேண்டாம் என்றார்கள்.

தவறு மூன்றாவதில் நடந்தது. தண்டனை ஐந்தாவதில் விழுந்தது.

நான் அங்கே மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். படித்துத் தேறி வந்த வேலை. சித்தி கொட்டாரம் ஊரிலிருந்து தூக்குவாளியோடு நடந்து வருவாள். அன்று ஸ்டோர் வாசலில், எல்லோரும் பார்க்க, மூத்த நர்ஸ் அவளுடைய வாளியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அழவில்லை.

“நாக்குல ஒரு சொட்டு வச்சதில்ல. பிள்ளைக்க மேல சத்தியம்” என்றாள். போய்விட்டாள்.

ஸ்டோர்ச் சுவரில் கரியால் எழுதியிருக்கும்: நாழி, ஒன்பது அவுன்ஸ். நோயாளிகளின் கஞ்சிக்கு அரிசி போட யாரோ எப்போதோ எழுதியது. அரிசிக்கு அது சரி. அந்த வரியைத் தாண்டி நான் எத்தனை முறை போயிருப்பேன்! அன்றுதான் நின்று படித்தேன். பவுடர் டின்னைத் திறந்து பார்த்தேன். விரலில் எடுத்தால் பஞ்சுபோல் இருந்தது.

மருந்தறைத் தராசைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஒரு நாழி அரிசி: ஒன்பது அவுன்ஸ். அதே நாழியில் பால் பவுடர், தலை தட்டி: ஐந்தரை.

ஸ்டோர்க்காரர் சிரித்தார். “அரிசிக்கு ஒரு நாழி, பாலுக்கு வேற நாழியா பிள்ளே? படிச்சவங்க கையில நாழி குறுகுமோ?”

“நாழி குறுகாது. உள்ளே இருக்கிறதுக்குக் கனம் இல்லை” என்றேன்.

அவர் நாழியை வாங்கிப் பவுடரைக் கூம்பாரமாகக் குவித்தார். ஏழுகூட வரவில்லை. தராசு மருந்துக்கு உள்ளது, பாலுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

பதினெட்டுக்குப் பதிலாகப் பதினொன்று. மற்றப் பிள்ளைகள் வீட்டில் கஞ்சியும் குடித்ததால் தெரியவில்லை. இந்தக் குழந்தைக்கு அந்தப் பாலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

கணக்கை எழுதி மறுநாள் டாக்டரம்மாவிடம் வைத்தேன். இரண்டு முறை படித்தார். இனி எடை போட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சித்தியைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னேன். அவளாகவே வருவாள் என்றார் மூத்த நர்ஸ்.

அவள் எதற்கு வருவாள்? அடுத்த நாள் காலை எடை போட்ட பவுடரோடு நானே அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இரண்டு நாளாகக் குழந்தைக்கு வடிகஞ்சித் தண்ணீர். குரல் எழுப்பி அழக்கூட அதற்குத் தெம்பில்லை. அடுப்படியில் உட்கார்ந்து கலக்கிக் கொடுத்தேன். குழந்தை பால் சங்கைக் கவ்விக்கொண்டு குடித்தது.

நடந்ததையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்போ நான் எடுக்கலன்னு ஸ்டோர்க்காரரு வந்து சொல்லுவாரா?”

நான் சங்கில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினேன்.

இப்போது குழந்தை பதின்மூன்று ராத்தல். பவுடர் தராசில்தான் நிறுக்கப்படுகிறது. சுவரில் ‘அரிசிக்கு மட்டும்’ என்று நான் சேர்த்து எழுதியிருக்கிறேன். சித்தி தினமும் வருகிறாள். ஸ்டோர் பக்கம் போகாமல் மருந்தறை வாசலில் என்னிடம் பால் வாங்கிப் போகிறாள். ஸ்டோர்க்காரர் அவளிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.