பாதி கிரவுண்டும் ஜெபா அக்காவும்

இன்னிக்குக் காலையில கிரிக்கெட் பசங்க ஸ்டம்ப் நடல. முழு கிரவுண்டையும் எங்களுக்கு விட்டுட்டு ஓரமா உக்காந்திருந்தாங்க.

எங்க கோல்கீப்பர் ஜெபா அக்கா நேத்து இறந்துட்டாங்க. டெங்கு. இருபத்தாறு வயசுதான்...

தாராவியில அக்காவும் நானும் ஒரே தையல் யூனிட். அவங்க மிஷின்ல, நான் நூல் வெட்டுற வேலை. ஒன்பதாவதோட ஸ்கூலை விட்டப்புறம் எனக்குக் கிடைச்ச முதல் ஃப்ரெண்ட். ஃபுட்பாலுக்கு என்னை இழுத்துட்டுப் போனதும் அவங்கதான்.

சாப்பாட்டு நேரத்துல கட்டிங் டேபிள்ல பட்டன் அடுக்கி ஃபார்மேஷன் போடுவாங்க. நாலு, மூணு, மூணு. பின்னாடி தனியா ஒரு வெள்ளை பட்டன். அது அவங்க.

ஒரு நாள் யாரோ அந்த வெள்ளை பட்டனை எடுத்து எக்ஸ்போர்ட் சட்டையில தச்சுட்டாங்க. பார்சலும் போயாச்சு.

"கோல்கீப்பர் துபாய் போயிட்டாட்டி. பாஸ்போர்ட் கூட எடுக்கல" அப்படின்னாங்க அக்கா.

பிராக்டிஸுக்கு எங்களுக்கு எப்பவும் பாதி கிரவுண்ட்தான், மீதி பாதி கிரிக்கெட். அதனால எதிர் டீம் கோல் பக்கத்துலயே போய் நெருக்கி, பந்தைப் பிடுங்குற ஆட்டம் மட்டும்தான் எங்களுக்கு வரும். கோச் அதை ஹை பிரஸ்னு சொல்வார். எங்களுக்கு வேற இடம் இல்ல, அவ்வளவுதான்.

முதல் தடவை முழு கிரவுண்ட்ல ஆடினது செம்பூர்ல. பழக்கத்துல எல்லாரும் மேல ஏறிட்டோம். அக்காவும் நடுக்கோடு வரைக்கும் வந்துட்டாங்க.

எதிர் டீம் பொண்ணுங்க எங்க தலைக்கு மேல தூக்கி ஒரே அடி... பந்து தானா உருண்டு கோலுக்குள்ள போச்சு. ரெண்டு தடவை.

அக்கா வலைக்குள்ள இருந்து பந்தை எடுத்துட்டு வந்து, "ஏட்டி, பின்னாடி இவ்வளவு இடம் கெடக்குன்னு ஒருத்தியும் சொல்லலியே" அப்படின்னாங்க. தோத்துட்டு இருக்கோம், எங்களுக்குச் சிரிப்பு அடங்கல.

கோச் "பீச்சே ஆவோ"ன்னு, பின்னாடி வரச் சொல்லி கத்தினார். நான் ஃபார்வர்ட், முன்னாடி ஓடி நெருக்க வேண்டியவ. பயந்து திரும்பி ஓடி வந்தேன்.

"நீ எங்க வார? மேல போ. பின்னாடி உள்ளதை நான் பாத்துக்கிடுதேன்" அப்படின்னாங்க அக்கா.

கோல் முன்னாடி இருக்கிற பாக்ஸை விட்டு ஓடி வந்து ஓடி வந்து பந்தை வெளியே அடிச்சாங்க. ரெண்டு முட்டியும் தோல் உரிஞ்சு போச்சு. தோத்தோம்தான். ஆனா மூணாவது கோல் விழல.

சாயங்காலம் சர்ச்சுக்கு எல்லாரும் ஜெர்சி போட்டுத்தான் வர்றோம். போயிட்டு வாங்கக்கா...

இன்னிக்குக் காலையில முழு கிரவுண்ட் கிடைச்சும் யாரும் ஆடல, வட்டமா உக்காந்திருந்தோம். ஞாயித்துக்கிழமை செமிஃபைனல். கேப்டன் நஸ்ரின்தான் பேசினா.

"இனிமே பின்னாடியே நிப்போம்டி. ரெண்டாவது கீப்பர் போஸ்டைப் பிடிச்சுட்டே நிப்பா. நம்ம மேல போனா பின்னாடி யாரு பாக்குறது?"

அந்த ரெண்டாவது கீப்பரும் ஆமான்னு தலையாட்டினா.

எனக்கு அது பிடிக்கல. ஆனா டீம் பேச்சுல நான் வாயே திறந்ததில்ல.

எந்திரிச்சு, கிரவுண்டைக் கடந்து போய், அக்கா மேல போகச் சொன்ன மாதிரியே எதிர்ப்பக்கம் பாக்ஸ் கிட்ட நின்னேன்.