பட்டக்கடை மாமா எப்படிப் பிழைக்கிறார்?

ஞாயிறு காலையில் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலம் அது. 1992. கன்னடம் புழங்கும் மண்டி மொஹல்லாவில் ஏசுதாஸ் தையல் சாமான் கடை வைத்திருந்தார். நூல், பொத்தான், கொக்கி, சேலைக்கு ஃபால்ஸ். யார் ரவிக்கைத் துணி கொண்டுவந்தாலும் நூலோடு வாசலுக்கு இறங்கி, வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். டியூப் லைட்டில் தெரிகிற நிறத்தை அவர் நம்பியதே இல்லை. மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்த பதினைந்து வருஷத்தில், நிறம் சேரவில்லை என்று ஒரு நூல்கண்டுகூடத் திரும்பி வந்ததில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மகள் லிசா, வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியைப் போடுவாள். குழந்தைகள் தொடரில் பட்டக்கடை மாமா கோட்டும் பொத்தானுமாக வருவார். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லி, ஆளுக்கொரு காகிதப் பட்டம் கொடுத்து அனுப்புவார். காசு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

ஏசுதாசுக்கு இது பொறுக்கவில்லை.

"ஆறு மாசமா பாக்கிறேன், ஒரு யாவாரம் இல்ல. கல்லாப்பெட்டியே இல்ல பாரு! மழைக்காலத்துல பட்டத்த எவன் வாங்குவான்? வாடகை யாரு கட்றது?"

"சும்மனிருப்பா, கதை போகுது!"

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி மெட்டில்டா, கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்: "அவரு வீட்டுக்காரி நர்ஸா இருப்பாங்க."

லிசா விழுந்து விழுந்து சிரித்தாள். ஏசுதாஸ் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நவம்பரில் பள்ளியில் மாறுவேடப் போட்டி. போன வருஷம் ரோஜாப்பூவாக மேடையேறி, ஒரு சொல் வராமல் அழுதுகொண்டே இறங்கியவள் லிசா. "பட்டக்கடை மாமான்னா ஏறுவேன். இல்லன்னா பேடா, வேணவே வேணாம்" என்றாள்.

இன்னொரு முறை பிள்ளை அழக் கூடாது. ஏசுதாஸ் தன் கல்யாணக் கோட்டையே வெட்டிச் சிறிதாக்கினார். பொத்தானில்தான் சிக்கல். அவர் வீட்டு டிவியில் எல்லாமே சாம்பல். பக்கத்து வீட்டுச் சரசுவிடம் கலர் டிவி இருந்தது. ஆனால் நிறம் கேட்டு இன்னொருவர் வீட்டுக்குப் போவதா, அதுவும் அவர்?

மறு ஞாயிறு பொத்தான் அட்டைகளைத் திரை மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "இது மெரூன் சாம்பல்" என்று தீர்ப்புச் சொல்லி, ஆறு மெரூன் பொத்தான் தைத்தார்.

மேடையில் லிசா நின்றதும் முன்வரிசையிலிருந்து கத்தல் வந்தது. "ஏய், மாமா பட்டன் பச்சை கணே!" கூட்டம் சிரித்தது. லிசாவின் உதடு துடித்தது. பின்னால் ஏசுதாஸ் எழுந்தேவிட்டார். எழுந்து என்ன செய்ய?

நடுவராக இருந்த ரூபா டீச்சர் சட்டென்று கேட்டார்: "எல்லாருக்கும் சும்மா பட்டம் குடுக்கறீங்களே மாமா, கடை எப்படி நடக்குது?"

லிசா பொத்தானைப் பார்த்தாள். பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரி நர்ஸ்ங்க மேடம்."

டீச்சர்களில் பாதிப் பேர் ஏசுதாசிடம் நூல் வாங்குகிறவர்கள். அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மெட்டில்டா முகத்தைக் கைப்பைக்குள் புதைத்துக்கொண்டாள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். லிசா இறங்கும்போது கையில் இரண்டாம் பரிசு, ஒரு ஸ்டீல் டிபன் டப்பா.

அடுத்த ஞாயிறு அவராகவே சரசு வீட்டுக்குப் போய் நின்றார். பட்டக்கடை மாமா வந்தார். ஆறு பொத்தானும் பளிச்சென்று பச்சை.

"இப்ப என்னண்ணா சொல்றீங்க?" என்றாள் சரசு.

"டிவி கலர யாரு நம்பறது?" என்றார் ஏசுதாஸ். "அந்த மனுசன வெயிலுக்கு வரச் சொல்லு."