ரப்பர் பால் குடித்த மெஷின்

ஒரு விடுகதை. பல் உண்டு, வாய் இல்லை. பெட்ரோல் குடிக்கும், மரத்தைக் கடிக்கும், துண்டுகூட விழுங்காமல் தூளாகத் துப்பிவிடும். அது என்ன?

மரம் அறுக்கும் மெஷின். நெய்யூர்ப் பக்கம் அதைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். பழைய மெஷினோடு மல்லுக்கட்டி நகக்கண்ணில் கறுப்பு போகாமல் திரியும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பால் கட்டி

ரப்பர் மரம் வெட்டும் செல்வராஜ் ஒரு வியாழக்கிழமை சாக்குப்பையோடு வந்தார். அவருடைய புது மெஷின் மீது மரம் விழுந்து நசுங்கிவிட்டது. திங்கட்கிழமை வேலை தொடங்காவிட்டால் தோட்டத்து முதலாளி வேறு ஆளை விடுவாராம். சாக்கில் இருந்தது, ஐந்து வருடம் மூலையில் கிடந்த பழைய மெஷின். வயது முப்பது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ரப்பர் பாலும் மரத்தூளும் சேர்ந்து செங்கல் போல இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கத்தியால் ஏடு ஏடாக உரித்தேன். அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. உலோகம் நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தது. செல்வராஜ் சொன்னார்: "பாத்தியளா அண்ணாச்சி, ரப்பர் கோட்டு போட்டுல்லா படுத்துக் கெடந்திருக்கு!"

வெள்ளை எண்ணெய்

மறுநாள் அவர் மனைவி மேரியும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெனியும் கூட வந்தார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும் டேங்கைத் திறந்தேன். சமையலறை வாசம் வந்தது. மார்கழிக் காலைக் குளிரில் உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது தேங்காய் எண்ணெய்!

"அஞ்சு வருசம் முன்ன ஆயில் தீந்து போச்சு. வீட்டுல இது கெடந்துது, ஊத்துனேன்" என்றார் செல்வராஜ். மலையடிவாரக் குளிரில் அது உறைந்து குழாயை அடைத்திருக்கிறது. சங்கிலி வறண்டு, அது ஓடும் தகடு சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது. அப்போதும் வளையவில்லை. அந்தத் தகட்டை நான் மெச்சிக்கொண்டிருக்க, மேரி மெஷினைக் காட்டிக் கணவரை முறைத்தார்: "அன்னைக்குப் பிள்ளைக்குத் தலையில தேய்க்க எண்ணெயத் தேடுனேன். இவரு எனக்க மூத்த பிள்ளைக்குத் தேச்சு விட்டிருக்காரு!"

மூன்றாவது இழுப்பு

தேங்காய் எண்ணெயை வழித்தெடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, சரியான ஆயிலை ஊற்றினேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் ஏடு விறைத்துப்போயிருந்தது. அந்த மாடலுக்கு இப்போது கிடைக்காது. வேறு மாடலின் ஏட்டை வாங்கி, துளைகளை அளந்து வெட்டிப் பொருத்தினேன்.

சனிக்கிழமை மாலை, மூவரும் பார்த்து நிற்க, கயிற்றை இழுத்தேன். சத்தமில்லை. மறுபடி இழுத்தேன். செல்வராஜ் முகம் வாடிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, உலர்த்தி, மாட்டி மூன்றாவது முறை இழுத்ததும் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் விரித்த செய்தித்தாளுக்கு மேலே தகட்டின் நுனியை நீட்டினேன். சங்கிலி தெறித்த எண்ணெய் ஒரே நேர்கோடாக விழுந்தது. அடைப்பு போய்விட்டது. செல்வராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "புகை அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல. திங்கக்கிழம அந்தத் தோட்டத்துக்கு நான்தான் போவேன்."

பெயர்

முப்பது வருட மெஷினைப் பிரித்துப் பார்க்கிறவன், அதைச் செய்த முகம் தெரியாத ஆளுக்குச் சம்பளமில்லாத ரசிகனாகிவிடுகிறான்.

எங்கள் பக்கம் வேனுக்கும் வள்ளத்துக்கும் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். மெஷினுக்கு மட்டும் எதற்குக் குறை? தூரிகையை எடுத்தேன். செல்வராஜ் 'எபிநேசர்' என்றார். மேரி 'கிருபை' என்றார். ஒத்துவராமல் மகளிடம் விட்டார்கள்.

ஜெனி 'அண்ணன்' என்று எழுதச் சொன்னாள், எழுதினேன்.