சனோபர் சித்தி ரொட்டியின் மேல் கை வைத்த நாள்

கோக்கந்த் நகரத்தில் கல்லூரியில் சேர்ந்த வருடம், தங்க இடம் தேடி ஒரு தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனேன். கடைசிக் கதவைத் திறந்தவள் சனோபர் சித்தி. எங்கள் மலைக்கிராமத்திலிருந்து பட்டம் படிக்க இறங்கி வந்த முதல் ஆள் நான்தான் என்று அவள் கேட்காமலேயே சொன்னேன். அவள் என் ஷூக்களைப் பார்த்தாள்.

"நல்லது பட்டதாரி. அந்த மலைச்சேத்த வாசல்லயே விட்டுட்டு உள்ள வா."

கணவனை இழந்தவள். முற்றத்து மண் அடுப்பில் ரொட்டி சுட்டுச் சந்தையில் விற்றாள். ஒரே மகன் இல்ஹோம், என் வயதுக்காரன், கார் ஓட்டினான். நான் பட்டம் வாங்கி அதே ஊரில் பள்ளி வாத்தியாரான பிறகும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மற்ற பெண்கள் முறை வைத்துப் போய் இரவில் தொட்டில் ஆட்டிக்கொடுப்பார்கள். சித்தி மட்டும் கூப்பிட்டாலும் போகமாட்டாள். குழந்தை அழும் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலை அடைத்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்துவிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று தெருவே சொன்னது. அவள் மறுத்துப் பேசியதில்லை.

பக்கத்து வீட்டு மஸ்தூராவின் மகள் ருக்ஸோராவை இல்ஹோம் விரும்பினான். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கதவருகே அவர்கள் பேசிக்கொள்வது எல்லாருக்கும் தெரியும். மஸ்தூராவுக்கும் சம்மதம். சித்தி ஒருத்திதான் குறுக்கே நின்றாள்.

"அவ உன்னவிட மூத்தவடா."

"ஒரு வயசும்மா. கிழவியா அவ?"

"மாவு பிசையத் தெரியாது."

"நீ ரொட்டி விக்கிறவ. உன் வீட்டுல ரொட்டிக்கு என்ன பஞ்சம்?"

"சிரிச்சா பல்லு தெரியுது."

"சிரிச்சா பல்லுதாம்மா தெரியும்."

இப்படியே ஒரு கோடைக்காலம் போயிற்று. அவள் கர்வம்பிடித்த மாமியாராக ஒத்திகை பார்க்கிறாள் என்று நானும் நண்பனுக்காகக் கோபப்பட்டேன். கடைசியில் இல்ஹோம், இந்தக் கல்யாணம் இல்லையென்றால் ரஷ்யாவுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று சொன்னான். அதற்குப்பின் அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ரொட்டி உடைக்கும் நாள் வந்தது. எங்கள் பக்கம் ரொட்டியை உடைத்துப் பங்கிட்டுவிட்டால் பெண் கொடுத்தாயிற்று. பிறகு பின்வாங்குவது இரண்டு குடும்பத்துக்கும் மானக்கேடு. இல்ஹோம் தன் வீட்டிலேயே காத்திருந்தான். நாங்கள் சிலபேர் சீர்மூட்டையோடு மஸ்தூரா வீட்டுக்குப் போனோம். படித்தவன் கையில் இருக்கட்டும் என்று மூட்டையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். விரிப்பில் புலாவும் திராட்சையும் நிறைந்திருந்தன. தெருப் பெரியவர் நோர்மத் இரண்டு ரொட்டியை அடுக்கி, துஆ ஓதி, விளிம்பில் விரலை வைத்தார்.

வாசலோரம் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்து வந்து ரொட்டியின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தினாள்.

"உடைக்காதீங்க."

மஸ்தூரா சிரித்தாள். "என்ன சனோபர், வேகலையா? உன் அடுப்பு ரொட்டிதானே."

"ருக்ஸோரா என் பால் குடிச்சவ."

நான் காதில் விழுந்ததை நம்பவில்லை. அறையில் யாரும் நம்பவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை வழிந்து விரிப்பு நனைந்தது.

"எப்போ?" என்றாள் மஸ்தூரா.

"அவ பொறந்த நாப்பது நாளுக்குள்ள."

"நான்தானே பால் குடுத்தேன். நான் பக்கத்துலயே இருந்தேனே."

"இருந்த அக்கா. உக்காந்தபடியே தூங்கிட்ட."

பிறகு அவள் சொன்னாள். குரல் உயரவில்லை, சந்தையில் ரொட்டி விலை சொல்வது போலத்தான் இருந்தது.

"எம்மூத்தத மண்ணுல வெச்சுட்டு வந்த வாரம் அது. மாரு கல்லாக் கட்டிக் கெடந்துச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் உம்பொண்ணு அழுதா இந்தப் பக்கம் என் சட்டை நனையும். நீதான் வந்து கூப்பிட்ட, நாலு நாளாக் கண்ணு மூடல, கொஞ்சம் பாத்துக்கன்னு. நீ குடுத்துட்டுத்தான் படுத்த. அவ குடிச்சும் அழுதா. தோள்ல போட்டுத் தட்டிப் பாத்தேன். நடந்தேன். துணி நனைஞ்சிருக்கான்னு பாத்தேன். புகை போட்டேன். காதுல உஸ்ஸுன்னு ஊதிக்கிட்டே மரத்தொட்டில்ல வெச்சுக் கட்டி ஆட்டினேன். வயிறு நிறைஞ்சுதான் இருந்துச்சு. வாய்க்குத்தான் மாரு வேண்டியிருந்துச்சு. உன்ன எழுப்பப் பாத்தேன், எழும்பல. தொட்டில் கட்டையில கைய ஊனிக் குனிஞ்சேன். அடங்கிட்டா."

"ஒரு தடவையா?" நோர்மத் கேட்டார்.

"நாப்பது முடியிற வரைக்கும்."

மஸ்தூராவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ரெண்டே வாரத்துல எம்பொண்ணு சமத்தாயிட்டா, என் பாலு அப்படின்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே." மூலையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த வார்த்தையில் அந்தச் சிரிப்பும் செத்தது. "சாவு வீட்டுக்காரி, செத்த பிள்ளையோட பாலைக் கொண்டாந்து எம்பிள்ளை வாயில வெச்சியா?"

சித்தி ரொட்டியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் அவளைப் பார்க்காமலே கேட்டார். "பாலு வயித்துக்குள்ள போச்சா?"

"போச்சு."

"அப்ப ரெண்டும் அக்கா தம்பி. ஒரே மாருல குடிச்சதுங்க கட்டிக்கக் கூடாது." அவர் ரொட்டியை முழுசாகவே விரிப்பில் வைத்தார்.

யாரோ சொல்லி, சுவர்க்கதவு வழியாக இல்ஹோம் ஓடி வந்தான். புதுச்சட்டையில் விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது.

"நான் அப்பப் பொறக்கவே இல்ல. அவ குடிச்சதுக்கு நான் எப்படித் தம்பியாவேன்?"

"பின்னாடி பொறந்தாலும் அதே மாருதானேப்பா," என்றார் நோர்மத்.

அவன் தாயிடம் திரும்பினான். "ஏம்மா நேத்தே சொல்லல?"

"நேத்துத் தைரியமில்ல. நீயா மறந்துருவேன்னு பாத்தேன்."

திரைக்குப் பின்னாலிருந்து ருக்ஸோரா வெளியே வந்தாள். பட்டுக் கவுனில், கண்ணில் மையோடு. இல்ஹோம் பக்கம் அவள் திரும்பவேயில்லை. சித்தியை நேராகப் பார்த்து, "இனிமே உங்கள நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள். குத்தலா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சீர்மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைத் திருப்பி எடுத்துப்போவதா, அங்கேயே விடுவதா என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அன்று மாலை அடுப்படியில் சித்தி மாவு பிசைந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே சித்தி. யாருக்குத் தெரியப்போகுது?"

"பட்டதாரி பேசுற பேச்சா இது?" அவள் மாவைத் திருப்பிப் போட்டாள். "பொய் எத்தன சொல்லலாமோ அத்தனையும் சொல்லிப் பாத்துட்டேன்டா. பல்லு வரைக்கும் சொல்லிட்டேன். ரொட்டி உடைஞ்சிருந்தா அப்புறம் வாயத் தொறக்க முடியுமா? அதுங்களுக்கு ஒரு பிள்ளை பொறந்து ராத்திரி அழுதா, நான் எந்த மூஞ்சியோட போயித் தூக்குவேன்?"

நான் எழுந்து விறகு எடுத்துவரப் போனேன்.

இல்ஹோம் இப்போது ரஷ்யாவில், கசானில் கட்டட வேலை பார்க்கிறான். என்னோடு போனில் பேசுவான். அம்மா எப்படியிருக்கிறாள் என்று மட்டும் கேட்பதில்லை. மஸ்தூரா சுவர்க்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். ருக்ஸோரா மார்கிலானில் ஒரு தையல்கடைக்காரனைக் கட்டியிருக்கிறாள். பெருநாள் காலையில் தெருவழியே சுற்றி வந்து சித்தியைக் கட்டிக்கொண்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போகிறாள். சித்தி அதே வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தெருவில் அவளைத் தொட்டில் ஆட்ட யாரும் கூப்பிடுவதில்லை.