கடற்காகம் வந்த பிற்பகல்

கேட்பவர் காணாத ஒன்றையும் கண்முன் நிறுத்த வேண்டும் என்பதே மேடையில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் வாங்கிய கோப்பைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு திறமைக்குக் கிடைத்தவை. நான் தேயிலைச் சரிவைப் பற்றிப் பேசினால் அரங்கில் ஈரக்காற்று வீசுகிறது என்று ஒரு நடுவர் சொன்னார். அந்தப் பாராட்டை நான் வேண்டியவர்களிடமும் வேண்டாதவர்களிடமும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அந்தத் திறமைக்கு அனுமதி இல்லாத ஓர் இடமும் உண்டு: குளிர்காலத்து ஊட்டி ஏரிக்கரை.

மார்கழி பிறந்ததும் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் அந்த ஏரியின் படகுத்துறையைச் சுற்றிப் பறவை பார்ப்போம். வடக்கிலிருந்து வந்திறங்கும் உள்ளான்களும் வாலாட்டிகளும் அந்த மாதங்களில்தான் கரையோரச் சேற்றில் ஓடித் திரியும். கோத்தகிரிக்கு அப்பாலுள்ள எங்கள் ஊர் அரவேணுவிலிருந்து அழைத்துச் செல்பவர் என் அப்பா. சொந்தமாகச் சுற்றுலா வேன் ஓட்டுபவர். கோத்தகிரிச் சாலையில் அவர் வண்டியில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் வர்க்கி என்னும் மொறுமொறுப்பான பிஸ்கட்டைச் சுட்டு விற்கும் கடை வைத்திருக்கும் அக்காவும் அவர் கணவரும் எங்களோடு வருவார்கள். ஐந்தாமவர் வெலிங்டனில் இராணுவ அலுவலகத்தில் சீருடை இல்லாத ஊழியராக வேலை பார்ப்பவர். நாங்கள் அவரை சார் என்றே அழைப்போம். மலைக்கு மாற்றலாகி வருமுன் பல ஆண்டுகள் துறைமுக ஊர்களில் இருந்தவர். அங்கே சரக்குக் கப்பல்களுக்கு நடுவே பறவை பார்த்துப் பழகியவர் என்பதால் எங்கள் சின்னஞ்சிறு படகுத்துறையையும் அவர் துறைமுகம் என்றுதான் சொல்வார்.

அவர் வகுத்த விதி ஒன்று இருந்தது. பறவையை முதலில் காண்பவர் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. நிறத்தையோ அளவையோ சொல்வதும் குற்றம். கையை மட்டும் நீட்ட வேண்டும். இணையாக நிற்பவர் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் கண்டவர் மனத்தில் இருந்த பெயரும் அதுவும் ஒன்றானால்தான் பறவை கணக்கில் ஏறும். முன்பெல்லாம் விதி இத்தனை இறுக்கமாக இருக்கவில்லை. வர்ணிக்க அனுமதி இருந்தது. போன பருவத்தில் நாணல் ஓரத்தில் நான் ஒரு குருட்டுக் கொக்கை வர்ணிக்க, மூன்று பேர் ஒரு காய்ந்த குச்சியை நெடுநேரம் வியந்து நின்றார்கள். அதன்பின் சார் வர்ணனையைத் தடை செய்துவிட்டார்.

வர்க்கிக் கடை அக்கா அதை முழுமனத்தோடு ஆதரித்தார். "நீ பேசினயின்னா, ஊட்டுல மறந்துட்டு வந்த கண்ணாடி இல்லாமயே எனக்கு எல்லாந் தெரிஞ்சுருது அம்மிணி," என்றார்.

நான் எப்போதும் அப்பாவுக்கு இணை. வர்ணனைக்குத் தடை வரும்வரை எங்கள் இருவருக்கும் தோல்வியே கிடையாது. நான் நான்கு வாக்கியம் சொல்வேன். அவர் பைனாகுலரை உயர்த்திய கணமே பெயரைச் சொல்வார். மேடைக்கு வெளியேயும் என் சொல்லுக்கு இத்தனை ஆற்றல் இருப்பதில் எனக்குப் பெருமிதம் இருந்தது. அதே பெருமிதம் சாலையிலும் தொடர்ந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்திலிருந்து அப்பா என்னை முன்னிருக்கையில் உட்கார வைத்து, எதிரே வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வரச் சொல்வார். பேச்சுக்கு நல்ல பயிற்சி என்பார். "ஆரம்பிக்கலாமா அம்மிணி?" என்று அவர் கேட்பது எனக்குப் போட்டியின் முதல் மணி போல ஒலிக்கும். வளைவுக்கு அப்பால் மூச்சு வாங்கி ஏறும் லாரி, அதை முந்தத் துடிக்கும் கார், இடப்புறத்தில் கொழுந்து மூட்டையோடு ஒதுங்கி நிற்கும் பெண்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். அவர் தலையசைத்தபடி ஓட்டுவார்.

வங்கக்கடலில் எழுந்த புயல் ஒன்று கரையைக் கடந்து ஓய்ந்ததற்கு அடுத்த ஞாயிறு அது. வானம் காலையிலிருந்தே திறக்கவில்லை. ஏரிக்கும் வானத்துக்கும் இடையே கோடு இல்லாமல் எல்லாம் ஈயப்பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. சார் வெலிங்டனிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்திருந்தார். மாலையில் கோத்தகிரியிலுள்ள மகள் வீட்டுக்கு எங்கள் வேனிலேயே வருவதாக ஏற்பாடு. பிற்பகல்வரை வழக்கமான பறவைகளே தென்பட்டன. அக்கா வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கட்டிப்போட்டிருந்த மிதிபடகுகளுக்கு அப்பால் அது மிதந்து வந்தது.

வெள்ளை உடல், சாம்பல் முதுகு, சிவந்த அலகு. கடற்காகம். மலைமேல் அதற்கு எந்த வேலையும் இல்லை. புயல்தான் அதைத் தூக்கி வந்து எங்கள் ஏரியில் போட்டிருக்க வேண்டும். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு நாமக்கோழி கரிய உருண்டையாக நீந்திக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் பேசாமல் கையை நீட்டினேன். அப்பா பைனாகுலரை உயர்த்தினார். மற்ற மூவரும் முறைப்படி முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பைனாகுலரின் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நாமக்கோழிங்க," என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். நாமக்கோழிக்கா இந்தப் பிள்ளை இப்படி மூச்சடைத்து நிற்கிறாள் என்று கேட்டார். சாரும் திரும்பிப் பார்த்தார். பறவை என்னவென்று அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது என்பதை அவர் தோள்கள் நிமிர்ந்ததிலேயே கண்டுகொண்டேன். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லவில்லை. விதியைச் சற்றே தளர்த்தி, "கறுப்பு இல்லீங்க. பக்கத்துல வெள்ளையா ஒண்ணு மிதக்குது பாருங்க, அதச் சொல்லுங்க," என்றார்.

அப்பாவின் பைனாகுலர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. கடற்காகம் இருந்த இடத்தைக் கடந்தது. அங்கே நிற்கவில்லை. வெற்றுத் தண்ணீரின் மேல் ஊர்ந்து படகுகளின் ஓரத்தில் போய் முட்டியது.

"ஏனுங்கண்ணா, வர்க்கின்னு சொன்னாலும் ஒத்துக்கறோமுங்க, எதையாச்சும் சொல்லுங்க," என்றார் அக்கா. அவர் கணவர் சிரித்தார். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே பைனாகுலரை இறக்கினார்.

"வெயில் கண்ணுல அடிக்குதுங்க. ஒண்ணுமே தெரியமாட்டேங்குது," என்றார்.

அன்று வெயில் இல்லை.

சார் அடுத்த இணையை அழைத்தார். அக்கா பார்த்த மாத்திரத்தில், இராமேசுவரத்தில் படகுக்குப் பின்னாலேயே வருமே அந்தக் கடற்காகம் என்றார். பறவை கணக்கில் ஏறியது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இத்தனை ஆண்டில் இந்தத் துறைமுகத்துக்கு இன்றுதான் இலட்சணம் வந்தது என்றார். அப்பா தனியே நின்று வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

வாதத்தை அடுக்கத் தெரிந்தவள் நான். வேண்டாம் என்று மனம் தடுத்தும் அது தானாகவே அடுக்கிக்கொண்டது. அவர் கரியதைக் கண்டார், வெள்ளையைக் காணவில்லை. சாம்பல் நீரின் மேல் வெள்ளையைக் காண முடியாதவர், மூடுபனிக்குள் விளக்குப் போடாமல் வரும் சாம்பல் நிற ஜீப்பைக் காண்பாரா? மழைக்காலம் முதல் இரவுச் சவாரிகளை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்ததன் காரணம் என்ன? முன்னிருக்கையில் எனக்கு அளிக்கப்பட்ட பயிற்சி யாருக்கானது? நான் பேசப் பேச அவர் ஓட்டினார். நான் சொல்லாமல் விட்டது எதுவோ அது அவருக்கு அந்தச் சாலையில் இல்லை.

தொட்டபெட்டா பிரிவைத் தாண்டிவிட்டால் கோத்தகிரிவரை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஏரியின் மறுகரை ஏற்கெனவே பனிக்குள் போய்விட்டது. வண்டியில் ஐந்து பேர் இருப்போம்.

எல்லோர் முன்னிலையிலும் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய நற்பெயரே அந்த வண்டியில்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லாத வண்டி. தனியே அழைத்துச் சொன்னால் சிரித்து மழுப்புவார், வெயில் என்பார். வழக்கம்போல் நான் முன்னிருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு வளைவையும் சொல்லிக்கொண்டே போனால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றும் தோன்றியது. இத்தனை மாதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோமே. என்னை மிகவும் அஞ்சவைத்தது அந்த எண்ணம்தான். அது நல்ல வாதமாக இருந்தது.

வேனில் ஏறினோம். பின்னால் மூவரும் கடற்காகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா எஞ்சினை முடுக்கி, கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரு கைகளையும் வைத்தார்.

"ஆரம்பிக்கலாமா அம்மிணி?"

எங்களுக்கு நேர் எதிரே, வண்டி திரும்ப வேண்டிய இடத்தில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் குதிரை ஒன்று சாலையின் குறுக்கே நின்றிருந்தது. வெள்ளைக் குதிரை. அதன் உரிமையாளர் கயிற்றைப் பிடித்தபடி ஓரத்தில் யாருடனோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். பனி அதன் கால்களைச் சுற்றி ஓடியது. ஆனாலும் முதுகும் கழுத்தும் தெளிவாகத் தெரிந்தன, எனக்கு.

அப்பாவின் கை கியருக்குப் போயிற்று. நான் ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்தேன்.

"அப்பா," என்றேன், முடிந்தவரை தாழ்ந்த குரலில். "இந்தத் தடவை நீங்க சொல்லுங்கப்பா. எதுத்தாப்ல என்ன நிக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன். விதி அனுமதித்தது அவ்வளவே.

துடைப்பான் போய்ப் போய் வந்தது. எனக்குத் தெரிந்த மௌனங்கள் எல்லாம் மேடை மௌனங்கள். அடுத்த வாக்கியத்தை உயர்த்திக் காட்டுவதற்காக நான் திட்டமிட்டு விடுபவை. இது அப்படி இல்லை. இதற்குப் பின்னால் என்னிடம் வாக்கியம் எதுவும் இல்லை. அவர் உடலை முன்னே சாய்த்து, கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், கண்களைச் சுருக்கிப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு அசைந்தது. பின்னால் பேச்சு நின்றுவிட்டது. அக்காவின் கையில் வர்க்கிப் பொட்டலம் ஒருமுறை சரசரத்து அடங்கியது. குதிரை தலையை ஆட்டியது. அப்போதும் அவர் முகத்தில் மாற்றமில்லை.

"பனி," என்றார்.

நடுவர் தீர்ப்புக்குக் காத்திருப்பதைவிடக் கொடியது, தீர்ப்பு தெரிந்துகொண்டே காத்திருப்பது. எதிரே உரிமையாளர் கயிற்றை இழுக்க, குதிரையின் குளம்புகள் தார்ச்சாலையில் இரண்டு மூன்று முறை ஒலித்தன. அந்த ஓசையைத்தான் அப்பா கேட்டார். அவர் கை கியரிலிருந்து எழுந்து, சிறிது நேரம் எங்கும் அமராமல் காற்றில் நின்று, சாவியைத் திருப்பியது. எஞ்சின் அடங்கியது.

"தம்பி," என்றார், திரும்பிப் பார்க்காமலே. அக்காவின் கணவரை அவர் அப்படித்தான் அழைப்பார். அந்தத் தம்பி தம் கடையின் ஆம்னி வேனை நாள்தோறும் கோத்தகிரிவரை ஓட்டுபவர். "நீங்க முன்னால வாங்க. இன்னிக்கு நீங்க ஓட்டுங்க."

அக்காவின் கணவர் இறங்கி முன்னால் வந்தார். சார் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. நான் பின்னிருக்கைக்குப் போனேன். என் இடத்தில் அப்பா அமர்ந்தார். அவர் வண்டியின் இடப்பக்கத்து இருக்கையில் அவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. பெல்ட்டை எங்கே இழுப்பதென்று தெரியாமல் கை தடவித் தேடியது.

தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும் பனி முழுவதுமாக இறங்கியது. வண்டி ஊர்ந்தது. அப்பா கண்களை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். யூகலிப்டஸ் தோப்பு முடியும் இடத்தில் இடப்பக்கம் குழி இருக்கிறது, வேலிக்கல் வந்ததும் இரண்டாம் கியருக்கு வாருங்கள், அடுத்த திருப்பத்தில் கோயம்புத்தூர் லாரிகள் அகலமாக வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றும் தவறவில்லை. இத்தனை மாதம் எங்களைக் கொண்டுசேர்த்தவை அந்த நினைவும் என் வாயும்தான். நகர்கிற எதையும் நினைவு அறியாது.

கோத்தகிரியில் சார் இறங்கினார். அப்பாவின் கதவருகே வந்து நின்று, வெலிங்டனில் தமக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவர் இருப்பதாகவும், இதே போன்ற கண்புரையைத் தமக்கும் இரண்டு பக்கமும் அவர்தான் எடுத்ததாகவும் சொன்னார். காலையில் வந்தால் கூடவே வருவதாகவும் சொன்னார். அப்பா சாரின் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி மறுபடியும் நகர்ந்தது. அரவேணு நெருங்கும்போது அப்பா பாதி திரும்பினார்.

"அது என்ன பறவைன்னு எனக்கு யாரும் சொல்லலியே அம்மிணி."

அவர் முன்னாலேயேதான் அக்கா சத்தமாகச் சொன்னார், சார் கைகுலுக்கினார். அப்போதும் வேனில் பேசியபோதும் அவர் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம், சொல்லீராத. நாளைக்குக் கண்ணைக் காட்டிட்டு வந்தர்றேன். சரியானதும் நானே பாத்துச் சொல்றேன்."

கடலுக்குரிய பறவை அதுவரை எங்கள் ஏரியில் நிற்காது. காற்று திரும்பியதும் போய்விடும். அதை நிறுவ என்னிடம் காரணங்கள் இருந்தன, ஆனாலும் அவரை மறுத்துரைக்கவில்லை.

"சரிங்கப்பா," என்றேன்.

"அடுத்த வளைவுல ஹாரன் குடுங்க தம்பி," என்றார் அவர்.