பேப்பரில் எனக்குப் பதின்மூன்று

ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்றின் பின்பக்கத்துப் பார்க்கிங் லொட்டில் ஆடிமாத வெயிலுக்குத் தார் இளகிக் கிடக்கும், விழுந்து எழும்பினால் முழங்காலில் கறுப்பாய் ஒட்டிக்கொள்ளும், அந்த மணம் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரண்டு நாளைக்குப் போகாது. அங்கேதான் கடைகளில் சாமான் தள்ளுகிற உடைந்த வண்டில்கள் இரண்டைக் கவிழ்த்துக் "கோல்" ஆக்கிப் பின்னேரம் முழுக்கப் பந்தடித்தோம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு, உலகக்கோப்பை நடந்த கோடை அது.

அந்தக் கோடையில் என்னைப் பிடித்து ஆட்டியவன் பிரேசில் அணியின் மாற்று ஆட்டக்காரர் "வாங்கில்" குந்தியிருந்த பதினேழு வயதுப் பெடியன். ஒரு நிமிஷம்கூட அவனை மைதானத்தில் இறக்கவில்லை. ஆனால் ஏழைத் தெருவொன்றில் பந்தடித்து அவ்வளவு தூரம் வந்தவன் என்று கேள்விப்பட்டதே எனக்குப் போதுமாய் இருந்தது. தெருவில் அடித்தவன் போகலாமென்றால் பார்க்கிங் லொட்டில் அடிக்கிற நான் ஏன் போகக்கூடாது? பதினேழுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் மடித்து எண்ணினேன், அங்கேதான் குழப்பம் தொடங்கியது. என் கணக்கில் ஆறு வருஷம். பேப்பரின்படி நாலு.

விஷயம் இதுதான். எனக்கு ஆறு வயதாயிருக்கும்போது, ஏஜென்சிக்காரன் தந்த யாரோ ஒரு தாயினதும் பிள்ளையினதும் பாஸ்போட்டில்தான் அம்மாவும் நானும் கனடாவுக்கு வந்தோம். அந்தப் பிள்ளைக்கு என்னைவிட இரண்டு வயது கூட. இறங்கினதும் அம்மா பெயர்களைச் சரியாகச் சொல்லிவிட்டா, பிறந்த தேதியை மட்டும் பதற்றத்தில் அப்படியே விட்டுவிட்டா. பிறகு திருத்தப் போனால் சொன்னதெல்லாம் பொய்யென்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். "பேப்பரிலை என்ன கிடக்கோ அதைத்தான் வாயிலையும் வைச்சிரு மோனை, அகதிக் கேஸ் முடியுமட்டும்" என்பா. நான் உளறிவிடுவேனென்று உண்மையான தேதியை எனக்கே சொல்லவில்லை. சாதகக் குறிப்பும் ஊரில் சண்டையில் வீட்டோடு எரிந்துபோனது.

அந்த ஆவணியில் பக்கத்துப் பூங்காவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அரைமணித்தியாலத்தில் மூன்று கோல் போட்டேன். பயிற்சியாளராக இருந்த போர்த்துக்கல்காரர் தோளில் தட்டி, என்ன வயது என்று கேட்டார். பதினொன்று என்றேன். உடனே அம்மாவின் முகம் ஞாபகம் வந்து, இல்லை, பதின்மூன்று என்றேன். வயதைக் குறைத்துச் சொல்கிற பெடியள் பலரைக் கண்டிருப்பார் போல. கோபிக்காமல், உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று கைகொடுத்து, கெட்டித்தனமாய் விளையாடினாய், ஆனால் எடுக்கமுடியாது என்றார். விசரன் மாதிரி நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வயது கேட்டார்கள் என்று சொன்னதும் அம்மா அடுப்பை நிற்பாட்டினா. எடுத்தார்களா என்று கேட்கவில்லை.

"என்ன வயசு சொன்னனி?"

"பதின்மூண்டு."

"கெட்டிக்காரன்" என்று புட்டுக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தா. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது, அழுதழுது சாப்பிட்டேன். நான் பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா, எதற்காகக் கெட்டிக்காரன் என்று ஒன்றும் விளங்கவில்லை.

நாலு வருஷத்தில் அந்தப் பிரேசில்காரனை உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடியது. எனக்கு அப்போது பதினைந்தோ, பதினேழோ. கேஸ் வென்ற பிறகும் தேதியை மாற்ற அம்மா விடவில்லை. "சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுப்பான்?" என்றா.

பார்க்கிங் லொட் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம். கூடப் பந்தடித்தவர்களில் ஒருவரின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை. அம்மா என்னோடு பக்கத்து நகரான அஜக்ஸில் இருக்கிறா. போன பிறந்தநாளன்று, பேப்பர்ப் பிறந்தநாளன்றுதான், விடிய எழும்பி வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டா. இனி எங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்பப்போவதில்லை என்ற துணிவில் கேட்டேன்.

"அம்மா, உண்மையிலை நான் பிறந்தது எண்டைக்கு?"

"எண்டைக்கு என்ன, இண்டைக்குத்தானே மோனை" என்றா.

பயத்தில் சொல்கிறாவா, மறந்துபோய்ச் சொல்கிறாவா என்று அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.